எம்35 லாரியின் ஹெட்லைட்: பழுதுபார்ப்பதா, ரிலே போடுவதா, எல்இடிக்கு மாறுவதா?

பழைய ராணுவ லாரியின் ஹெட்லைட் மஞ்சளாக மங்கினாலோ, மேடு பள்ளத்தில் விட்டுவிட்டு எரிந்தாலோ, பலருடைய கை முதலில் போவது எல்இடி விளக்கின் விலைப்பட்டியலுக்குத்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. எம்35, எம்35ஏ2 போன்ற அமெரிக்க இரண்டரை டன் லாரிகளில் விளக்கு மங்குவதற்கு விளக்கே காரணமாக இருப்பது அரிது. இருபது முப்பது வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற கனெக்டர்களும், துருப்பிடித்த எர்த் இணைப்புகளும் (மின்சாரம் வண்டியின் இரும்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இடங்கள்), தேய்ந்துபோன ஸ்விட்ச்சுகளும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். ஆகவே எதை வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன், வோல்ட்டேஜ் எங்கே தொலைகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்தால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

கையில் இருக்கும் வழிகள் இவை: இருக்கும் வயரிங்கையே சுத்தம் செய்து சீராக்குவது, தேய்ந்த ஸ்விட்ச்சை மட்டும் மாற்றுவது, ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் மின் ஸ்விட்ச்) போடுவது, முழு ஹார்னஸையும் (வயர்க் கட்டு) புதிதாக இழுப்பது, விளக்கையே மாற்றுவது. ஆறாவதாக, ஒற்றை பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்துக் கார் விளக்கு பொருத்தும் வழியும் சிலரால் சொல்லப்படுகிறது. அது ஏன் கூடாது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மின்சாரம் போகும் பாதை

இந்த லாரிகள் 24 வோல்ட் வண்டிகள். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும்; எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 28 வோல்ட் இருக்கும். அங்கிருந்து மின்சாரம் டேஷ்போர்டில் உள்ள மூன்று நெம்பு லைட் ஸ்விட்ச்சுக்கு வந்து, 16 என்ற எண்ணுள்ள வயர் வழியாகக் காலால் அமுக்கும் டிம்மர் ஸ்விட்ச்சுக்குப் போகிறது. அங்கே 17, 18 என்று இரண்டாகப் பிரிகிறது. 17 ஹை பீம், 18 லோ பீம். வயர் நுனிகளில் இந்த எண்களைப் பொறித்த சிறு உலோகப் பட்டை இருக்கும். அழுக்கைத் துடைத்துப் பார்த்தால் இன்றைக்கும் படிக்கலாம். இந்த எண்களை அழியாமல் காப்பாற்றுங்கள். யாரோ ஒருவர் முன்பு வெட்டி ஒட்டிய வயரிங்கில் பட்டை இல்லையென்றால், வேலை ஆரம்பிக்கும் முன்பே நீங்களே எண் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

மூன்று நெம்பு ஸ்விட்ச் சாதாரண ஸ்விட்ச் அல்ல. பூட்டை விடுவிக்கும் நெம்பைப் பிடித்துக்கொண்டால்தான் பிரதான நெம்பு சாதாரண ஹெட்லைட் நிலைக்கு நகரும். இருளில் ஊர்ந்துபோகும் அணிவகுப்பில் கை தவறிக்கூட வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. எதிரிக்குத் தெரியாதபடி மங்கிய சிறு விளக்குகள் மட்டும் எரியும் மறைவு விளக்கு நிலையில் சாதாரண பிரேக் லைட்டும் எரியாது. நீங்கள் செய்யும் எந்த மாற்றமும் இந்தப் பூட்டைச் செல்லாததாக்கிவிடக் கூடாது. மாற்று வழிகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அளந்து பார்ப்பது

விளக்கின் கனெக்டரைக் கழற்றி, வயர் நுனியில் மல்டிமீட்டரை வைத்து, 24 வோல்ட் காட்டுகிறது, வயரிங் சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவு செய்பவர்கள் உண்டு. அந்த அளவு எதையும் நிரூபிக்காது. மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது; களிம்பு மூடிய தொடர்பும் அதை விட்டுவிடும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, அதாவது லோடு இருக்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்.

எஞ்சினை ஓடவிட்டு லோ பீமைப் போடுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும், மறுமுனையை விளக்கின் பின்பக்கம் 18-ஆம் வயரிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது அந்தப் பாதையில் தொலைந்த வோல்ட்டேஜ். 1 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. அடுத்தது பேட்டரி நெகட்டிவுக்கும் விளக்கின் எர்த் வயருக்கும் நடுவே. இங்கே 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

சிறு தொகைதானே என்று தோன்றலாம். ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, ஏறத்தாழ 3.4-ஆம் அடுக்கில் விழுகிறது. வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 70 சதவீதத்துக்கு வந்துவிடும். 20 சதவீதம் குறைந்தால் பாதிக்கும் கீழே. எஞ்சினை நிறுத்திவிட்டு விளக்கைச் சோதிப்பவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். 28 வோல்ட்டுக்கென்று செய்த பல்புக்கு பேட்டரியிலிருந்து 25 வோல்ட் மட்டும் கிடைத்தால், வயரிங் புத்தம் புதிதாக இருந்தாலும் மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சம்தான் வரும். எஞ்சின் ஓடும்போதும் பேட்டரியில் 26 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் குறை ஹெட்லைட்டில் இல்லை. முதலில் ஆல்டர்னேட்டரையும் ரெகுலேட்டரையும் பாருங்கள்.

மீட்டர் இல்லாமலேயே சில விஷயங்களைக் கண் சொல்லிவிடும். லோ பீம் போட்டிருக்கும்போது ஒரு பக்க விளக்கு மங்கலாகவும், டேஷ்போர்டில் ஹை பீமைக் காட்டும் சிறு விளக்கு லேசாக மினுங்கிக்கொண்டும் இருந்தால், மங்கிய பக்கத்து விளக்கின் எர்த் அறுந்திருக்கிறது. எர்த் கிடைக்காத மின்சாரம் அந்த விளக்கின் லோ இழை வழியாக வந்து, ஹை இழைக்குள் புகுந்து, 17-ஆம் வயரில் பின்னோக்கி ஓடி, எதிர்ப்பக்க விளக்கின் ஹை இழை வழியாக எர்த்தைத் தேடிக்கொள்கிறது. எதிர்ப்பக்க விளக்கை உற்றுப் பார்த்தால் ஹை இழையும் இலேசாகச் சிவந்திருப்பது தெரியும். இந்த அறிகுறியைப் பார்த்துவிட்டு டிம்மர் ஸ்விட்ச்சைக் கழற்றுவது வீண் வேலை.

இரண்டு விளக்கும் ஒரே தாளத்தில் சில நொடிகள் எரிந்து சில நொடிகள் அணைந்தால் அது வேறு கதை. இந்த லாரிகளில் ஃபியூஸ் பெட்டிக்குப் பதிலாகத் தானாகவே திரும்ப இணையும் சர்க்யூட் பிரேக்கர்கள் இருக்கின்றன. சூடாகித் துண்டித்து, ஆறியதும் மீண்டும் இணைகின்றன. எங்கோ வயர் உராய்ந்து பாடியைத் தொடுகிறது, அல்லது பிரேக்கரே தளர்ந்துவிட்டது. பிரேக்கரைத் தவிர்த்து நேராக வயர் போட்டுவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அடுத்து எரிவது ஹார்னஸாக இருக்கும்.

முதல் வழி: இருப்பதைச் சீராக்குவது

அதிக உழைப்பு, குறைந்த செலவு. என் பார்வையில் எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

எர்த்திலிருந்து தொடங்குங்கள். விளக்கின் எர்த் மட்கார்டு வழியாகவோ கூட்டின் வழியாகவோ சேஸிஸுக்குப் போக வேண்டும். அந்த போல்ட்டுக்கு அடியில் பல அடுக்குப் பெயிண்ட் இருக்கும். ராணுவத்திலும் பிறகு தனியார் கையிலும் மேலே மேலே பூசியவர்கள் எர்த் இடத்தை விட்டுவைத்ததில்லை. பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். ஒரு எச்சரிக்கை: 1980களிலிருந்து இந்த வண்டிகளில் பூசப்பட்ட ரசாயனத் தற்காப்புப் பெயிண்ட்டும், அதற்குக் கீழுள்ள பழைய பிரைமரும் நுரையீரலுக்குக் கேடு. உலர்ந்த நிலையில் கிரைண்டர் வைக்காமல் ஈரமாக்கித் தேய்ப்பதும், நல்ல முகக்கவசம் போடுவதும் அவசியம். இன்னும் நிம்மதி வேண்டுமென்றால் இரண்டு விளக்குகளிலிருந்தும் தனி எர்த் வயரை நேராக சேஸிஸுக்கே இழுத்துவிடலாம். வெளியில் தெரியாது, அசல் தோற்றமும் கெடாது.

அடுத்தது கனெக்டர்கள். பேக்கார்டு கனெக்டர் என்று சொல்லப்படும் இந்த ரப்பர் உறைகள் உண்மையிலேயே அருமையான வடிவமைப்பு. உள்ளே பித்தளை முனை, அதைப் பிடித்து நிறுத்த ‘சி’ வடிவ வாஷர், மேலே தண்ணீர் புகாத ரப்பர். பிரிக்கும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் ரப்பரைத் திருகித் திருகி இழுங்கள். பல வருடம் பிரிக்காத கனெக்டர் ‘டப்’ என்று விடும்போது உள்ளே பித்தளை பச்சையாகவோ, சாம்பல் பூத்தோ இருக்கும். வயரை உறைக்குள் பின்னால் தள்ளிப் பாருங்கள். முனைக்கு அருகில் செம்பு இழைகள் கறுத்திருந்தால் துடைத்துப் பயனில்லை. கறுத்த பகுதியை வெட்டிவிட்டுப் புதிய முனையை கிரிம்ப் செய்ய (அழுத்திப் பிணைக்க) வேண்டும். அதற்கென்று உள்ள கிரிம்ப் கருவியையே பயன்படுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கிய முனை முதல் குலுக்கலிலேயே லூஸ் கான்டாக்ட் ஆகிவிடும். கிரிம்ப் சரியாக இருந்தால் சோல்டர் தேவையில்லை. சோல்டர் வயருக்குள் ஊறி விறைத்து, அதிர்வில் அதே இடத்தில் ஒடியவும் கூடும். திரும்ப மாட்டும்போது ரப்பரில் சிறிது சிலிகோன் கிரீஸ் தடவினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், தண்ணீரும் புகாது.

இத்தனைக்கும் பிறகு மீண்டும் அளந்தால், 3 வோல்ட் தொலைந்த இடத்தில் அரை வோல்ட்தான் தொலையும். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

ஸ்விட்ச்சை மாற்றுவது

கனெக்டரும் எர்த்தும் சுத்தம், ஆனாலும் பாசிட்டிவ் பக்கத்தில் வோல்ட்டேஜ் தொலைகிறது என்றால் டிம்மரையும் லைட் ஸ்விட்ச்சையும் தனித்தனியாக அளக்க வேண்டும். மீட்டரை 16-க்கும் 18-க்கும் நடுவே, டிம்மரின் மேலேயே வையுங்கள். நல்ல டிம்மரில் 0.1 வோல்ட் போல வரும். டிம்மர் இருப்பது தரையில், கிளட்ச் பெடலுக்கு அருகில். ஓட்டுநரின் ஈரக்காலும் சேறும் நேராக அதன் மேல்தான் விழும், அதனால் முதலில் சாவது அதுதான். ஒரு சிறு வயரால் 16-ஐயும் 18-ஐயும் இணைத்துப் பாருங்கள். விளக்கு சட்டென்று வெளுத்தால் டிம்மரை மாற்றுங்கள். மலிவான பாகம், இரண்டு போல்ட். யோசிக்க ஒன்றுமில்லை.

மூன்று நெம்பு ஸ்விட்ச் அப்படியல்ல. விலை கூடுதல், பின்னால் பல முள் கனெக்டர், கழற்ற டேஷ்போர்டுக்குப் பின்னால் கை நுழைய வேண்டும். பல சமயம் ஸ்விட்ச்சுக்குள் குறை இருக்காது. கனெக்டர் முட்களில்தான் அழுக்கு இருக்கும். முட்களை உப்புத்தாளால் தேய்த்தால் மேல்பூச்சு போய் முன்னைவிட வேகமாகக் களிம்பு ஏறும். கான்டாக்ட் கிளீனர் தெளித்து, மென்மையான பித்தளை பிரஷால் துடைத்தாலே போதும். அதற்கும் சரியாகாவிட்டால் மட்டும் ஸ்விட்ச்சை வாங்குங்கள்.

ரிலே: கார்க்காரர்களின் அறிவுரை இங்கே எவ்வளவு பொருந்தும்?

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் எல்லோரும் சொல்வது ரிலே. 12 வோல்ட் காரில் அது சரியான அறிவுரை. 24 வோல்ட் லாரியில் கணக்கு மாறுகிறது.

ஒரு விளக்கு 60 வாட் என்று வைத்துக்கொண்டால் 28 வோல்ட்டில் அது ஏறத்தாழ 2.1 ஆம்பியர் இழுக்கும். இரண்டுக்கும் 4.3. 14 கேஜ் செம்பு வயர் 6 மீட்டர் நீளத்துக்கு 0.05 ஓம் எதிர்ப்பு தரும். ஆக வயரில் தொலைவது 0.2 வோல்ட்தான், அதாவது 1 சதவீதம்கூட இல்லை. அதே வாட் உள்ள விளக்குகள் 12 வோல்ட் காரில் இரண்டு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். தொலைவதும் சதவீதத்தில் நான்கு மடங்காகும். ரிலே போட்டுத் தடித்த வயர் இழுப்பதால் காருக்குக் கிடைக்கும் அதே லாபம் லாரிக்குக் கிடைக்காது. லாரியில் பிரச்சினை வயரின் தடிமன் அல்ல, தொடர்புகளின் அழுக்கு.

அப்படியானால் ரிலேயால் பயனே இல்லையா? உண்டு. களிம்பேறிய ஒரு தொடர்பில் 0.3 ஓம் இருந்தால் அங்கே ஐந்தரை வாட் வெப்பம் உண்டாகும். டிம்மருக்குள் ஒரு சிறு புள்ளியில் அவ்வளவு வெப்பம் இருந்தால் பிளாஸ்டிக் உருகும். ரிலே போட்டால் ஸ்விட்ச்சுகள் வழியாக ரிலே சுருளின் சிறு மின்னோட்டம் மட்டுமே ஓடும். கிடைப்பதற்கரிய பழைய ஸ்விட்ச்சின் ஆயுள் கூடும். அதிக வாட் பல்பு போடப் போகிறவர்களுக்கும் ரிலே தேவை.

போடுவதென்றால் சுருள் 24 வோல்ட்டாக இருக்க வேண்டும். ரிலேயைத் தூண்டும் மின்சாரத்தை டிம்மருக்குப் பிறகு, 17, 18 வயர்களிலிருந்தே எடுங்கள். அப்போதுதான் மறைவு விளக்குப் பூட்டு முன்புபோலவே வேலை செய்யும். டேஷ்போர்டில் தனி ஸ்விட்ச் போட்டு ரிலேயை இயக்குவதை நான் ஏற்கமாட்டேன். பேட்டரியிலிருந்து வரும் வயருக்கு பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று ஃபியூஸைப் பிரித்தால், ஒன்று போனாலும் இருட்டில் முழுக் குருடாகிவிட மாட்டீர்கள். சாதாரண கார் ரிலே தண்ணீருக்குத் தாங்காது. ஆற்றைக் கடக்கச் செய்த வண்டியில் தண்ணீர் புகாதபடி மூடிய ரிலேயும் உயரமான இடமும் தேவை.

ஹார்னஸை முழுதாக மாற்றுவது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வயரின் உறை தொட்டாலே உதிர்கிறது, எலி கடித்திருக்கிறது, அல்லது முந்தைய உரிமையாளர் பத்து இடத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறார் என்றால் ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. மற்றபடி அது தேவையில்லாத செலவு.

விளக்கையே மாற்றுவது

இங்கே இரண்டு கிளைகள். ஒன்று, இழையும் கண்ணாடியும் ஒரே அடைப்பாக வரும் அசல் சீல்டு பீமை எடுத்துவிட்டு அதே 7 அங்குல வட்டக் கூட்டில் ஹெச்4 பல்பு (இரண்டு இழை ஹாலோஜன் பல்பு) ஏற்கும் விளக்கைப் பொருத்துவது. 24 வோல்ட் லாரிகளுக்கான ஹெச்4 பல்பு 75/70 வாட். பல நாடுகளில் சாதாரணமாகக் கிடைக்கும். பல்பு போனால் பல்பை மட்டும் மாற்றலாம். மின்னோட்டம் கொஞ்சம் கூடும், வயரிங் சுத்தமாக இருந்தால் தாங்கும். பகல் விழாக்களில் யாரும் வேறுபாட்டைக் கவனிக்கப் போவதில்லை.

மற்றொன்று எல்இடி. இரவில் தொடர்ந்து ஓட்டுபவருக்கு இதன் வெளிச்சம் பெரிய நிம்மதி. மின்னோட்டமும் சீல்டு பீமைவிடக் குறைவு. ஆனால் அந்தக் குறைவே ஒரு கண்கட்டும் ஆகிவிடுகிறது. உள்ளே உள்ள எலக்ட்ரானிக்ஸ் 20 வோல்ட் வந்தாலும் அதே வெளிச்சத்தைத் தரும். கெட்ட தொடர்பு கெட்டதாகவே இருக்க, விளக்கு மட்டும் நன்றாக எரியும். காய்ச்சலைக் கவனிக்காமல் தெர்மாமீட்டரை மாற்றியது போல. அதே பழைய லைட் ஸ்விட்ச்சிலிருந்துதான் பிரேக் லைட்டும் டெயில் லைட்டும் மின்சாரம் வாங்குகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: 24 வோல்ட் வண்டிக்கு என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். 12 வோல்ட் மட்டும் ஏற்கும் விளக்கு 28 வோல்ட்டில் நிமிடங்கள்கூடத் தாங்காது. ஓட்டத்தில் பேட்டரி இணைப்பு விட்டுப்போனால் வோல்ட்டேஜ் ஒரு கணம் பல மடங்கு எகிறும். அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்டிடி-1275 தரம் 28 வோல்ட் வண்டிகளின் இத்தகைய எகிறல்களை வரையறுக்கிறது. அதற்கு ஏற்பச் செய்த விளக்கு விலை அதிகம், ஆனால் வைத்துக்கொள்ளலாம். பனி பெய்யும் இடமென்றால் எல்இடி கண்ணாடி சூடாகாததால் பனி ஒட்டிக்கொள்ளும்; கண்ணாடியைச் சூடாக்கும் வகையும் உண்டு. பழைய ரேடியோவை லாரியில் இயக்குபவர்கள், மலிவான எல்இடி கிளப்பும் இரைச்சலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஹாலோஜன் விளக்குக்குள் எல்இடி பல்பைச் செருகுவது மட்டும் வேண்டவே வேண்டாம். வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணைப் பறிக்கும். அமெரிக்காவில் வாகன விளக்குகளுக்கான எஃப்எம்விஎஸ்எஸ் 108 விதிப்படி சாலைக்கும் அது செல்லாது. முழு விளக்காகச் செய்து டாட் (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) முத்திரையோடு வருவதே முறை.

12 வோல்ட் எடுப்பது

கீழ் பேட்டரியிலிருந்து (தொடரில் எர்த்தோடு இணைந்தது) மட்டும் 12 வோல்ட் எடுத்து 55 வாட் கார் விளக்கு இரண்டு எரித்தால் மணிக்கு ஏறத்தாழ 9 ஆம்பியர்-மணி அந்த ஒரு பேட்டரியிலிருந்து போகும். ஆல்டர்னேட்டரோ இரண்டையும் தொடராகவே சார்ஜ் செய்கிறது. கீழ் பேட்டரி பட்டினி கிடக்கும், மேல் பேட்டரி பொங்கும். சீக்கிரமே இரண்டும் போய்விடும். இரண்டு 12 வோல்ட் விளக்கைத் தொடராக இணைப்பது அதைவிட மோசம்: ஒரு இழை அறுந்தால் இரண்டும் அணையும். 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போட்டால் பேட்டரி தப்பிக்கும், ஆனால் 24 வோல்ட் விளக்கே கிடைக்கும்போது இன்னொரு பெட்டியை ஏன் நம்ப வேண்டும்?

யாருக்கு எது

அசல் தோற்றத்தைக் காப்பாற்றி, எப்போதாவது அந்தி வேளையில் வீடு திரும்புபவர் எர்த், கனெக்டர், டிம்மர் மூன்றையும் சீராக்கிவிட்டு சீல்டு பீமோடு நிறுத்திக்கொள்ளலாம். காட்டுப்பாதையில் ஓட்டுபவருக்கு அதே வேலையோடு ஹெச்4. வழியில் பல்பு போனாலும் மாற்று எளிது. இரவில் நெடுஞ்சாலையில் பாரம் ஏற்றி ஓட்டுபவர் தயங்காமல் 24 வோல்ட் எல்இடிக்குப் போகட்டும், ஆனால் வயரிங்கைச் சீராக்கிய பிறகு. ரிலே என்பது லைட் ஸ்விட்ச்சைக் காப்பாற்ற விரும்புபவருக்கும் கனத்த பல்பு போடுபவருக்கும் மட்டும்.

எதைத் தேர்ந்தாலும் வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். 24 வோல்ட் பேட்டரித் தொகுப்பில் ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் ஸ்பேனரே பழுக்கக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு இரண்டு பக்கமும் வோல்ட்டேஜ் இழப்பை அளந்து எழுதி வையுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட அந்த எண்கள் வேண்டும். பிறகு சமதளத்தில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி லாரியை நிறுத்தி, விளக்கு மையத்தின் உயரத்தைச் சுவரில் குறித்து, லோ பீமின் மேல்விளிம்பு அந்தக் கோட்டைத் தாண்டாதபடி திருகாணியைத் திருப்புங்கள். இந்த லாரியின் விளக்கு காரைவிட உயரத்தில் இருக்கிறது. இதைச் செய்யாவிட்டால் புதிதாகக் கிடைத்த வெளிச்சம் எதிரே வரும் ஓட்டுநரின் கண் மட்டத்துக்கே நேராகப் போய் விழும்.